இல்லாத பல்வலி

என் நுரையீரல் கெட்ட கதையைச் சொல்லுமுன் என் பற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அறுபத்தோரு வயது. இதுவரை ஒரு பல்கூட வலித்ததில்லை. கரும்பை இன்றும் கடித்துத்தான் தின்கிறேன். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எழுதச் சொன்னவர் டாக்டர். "வாத்தியம் ஊதற ஆளுங்க நாலு பேர் படிச்சா உதவும், எழுதுங்க சார். ஆபீஸ்ல இருந்தவருதான நீங்க" என்றார். முப்பது வருஷம் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் இருந்தேன். 'கோப்பு பெறப்பட்டது', 'கோப்பு திரும்ப ஒப்படைக்கப்பட்டது', இவைதான் நான் எழுதிய இலக்கியம். இருந்தாலும் எழுதுகிறேன். டாக்டர் நினைப்பதுபோல நோயைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியாது.

வீடு திண்டிவனத்தில். கீழ்வீட்டில் நானும் மனைவி ஸ்டெல்லாவும். மாடியில் அண்ணி புஷ்பம். அண்ணன் சவரி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மொட்டை மாடியில் அண்ணன் வளர்த்த புறாக்கள் இருந்தன. அவர் போனபின் அண்ணிதான் அவற்றைப் பார்த்துக்கொண்டார். மாலை ஐந்தரைக்குத் தையல் கடையிலிருந்து வருவார். செருப்பைக் கழற்றிய கையோடு கம்பு தானியம் அளக்கும் படியை எடுத்துக்கொண்டு மேலே போவார். 'பா, பா' என்று அவர் கூப்பிடுவதும் பத்தொன்பது புறாக்கள் சடசடவென இறங்குவதும் எங்கள் வீட்டுக் கடிகாரம்.

நானும் அண்ணனும் ஒரே பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர்கள். கல்யாணம், மாதா கோயில் தேர், சாவு என்று எதுவானாலும் போவோம். அண்ணன் முதல் கிளாரினெட், நான் இரண்டாவது. வேலை கிடைத்ததும் நான் நிறுத்திவிட்டேன். ஆபீஸில் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. சாவுக்கு ஊதினவன் என்று தெரிந்தால் தேநீர் டம்ளரைத் தனியாக வைப்பார்கள் என்று ஒரு பயம். அப்படி யாராவது செய்திருப்பார்களா தெரியாது. சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கிறவர் இறந்தால், வீட்டிலிருந்து சவப்பெட்டி எடுக்கும்போது, அவருடைய வாத்தியத்தில் அவர் வீட்டு ஆள் ஒருவர் முதல் வரியை ஊத வேண்டும். ஒரே ஒரு வரி. 'வீட்டு எடுப்பு' என்போம். அது முடிந்தால்தான் டிரம் சேரும், டிரம்பெட் சேரும், ஊர்வலம் நகரும். ஊதத் தெரியாத வீடாக இருந்தால் யாராவது வாயில் வைத்து வெறும் காற்றை விட்டாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, புறாக்களுக்குக் கம்பு போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. மறுநாள் பெட்டி எடுக்கும் நேரம். டிரம்பெட் தேவராஜ் அண்ணன் என் அண்ணனுடைய கிளாரினெட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "எடு அருளு" என்றார். சரியாக அப்போது என் ஆபீஸ் ஆட்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். சூப்பிரண்டு கையில் பெரிய ரோஜா மாலை.

என் கை கன்னத்துக்குப் போனது. "பல்லு வலிண்ணே. வாய் வெக்க முடியாது" என்றேன்.

அண்ணி பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்தது. தேவராஜ் அண்ணன் கொஞ்ச நேரம் வாத்தியத்தை நீட்டியபடியே நின்றார். பிறகு டிரம்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். ஊரிலேயே நல்ல கிளாரினெட்காரனின் ஊர்வலம் வெறும் டிரம்மோடு கிளம்பியது.

ஒரு மாதம் கழித்து அண்ணி கிளாரினெட் பெட்டியோடு கீழே வந்தார். "அவரு பொருளு. உங்களாண்டதான் இருக்கணும். பல்லு சரியானதும் ஊதுங்க தம்பி" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. வாங்கிப் பரணில் வைத்தேன். பதினோரு வருஷம் அது அங்கேயே இருந்தது. ஊதினால் பல் சரியாகிவிட்டது என்றாகும். எப்போது சரியானது என்ற கேள்வி வரும். எனவே ஊதாமல் இருப்பதே பாதுகாப்பு என்று இருந்தேன்.

போன வைகாசியில் பணி ஓய்வு பெற்றேன். ஸ்டெல்லா சத்துணவு அமைப்பாளர், காலையில் போனால் நாலு மணிக்குத்தான் வருவாள். அண்ணி தையல் கடையில். பத்திலிருந்து நாலு வரை வீட்டில் நானும் சுவரும். ஆடியில் ஒரு நாள் பரண் ஏறினேன்.

அண்ணனின் சிவப்பு இடைக்கச்சையில் சுற்றியபடி கிளாரினெட் இருந்தது. சுவர்க் கசிவு பரணில் இறங்கி, பெட்டியின் உள்துணியெல்லாம் ஈரம் காய்ந்த வாடை. மவுத்பீஸில் அண்ணன் கடைசியாக ஊதிய ரீடு அப்படியே கட்டியிருந்தது. ரீடு என்பது மெல்லிய நாணல் பட்டை. அது அதிர்ந்தால்தான் சத்தம். அதன் ஓரத்தில் மிளகுப் பொடி தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள். புது ரீடு பாண்டிச்சேரியில் கிடைக்கும், பெரிய விலையும் இல்லை. ஆனால் அது அண்ணன் வாய் வைத்தது. அன்றைக்கு நான் வாய் வைத்திருக்க வேண்டியது. அதைக் கழற்றி எறியவோ கழுவவோ எனக்கு மனம் வரவில்லை. அப்படியே வாயில் வைத்தேன்.

முதல் நாள் வாத்துதான் கத்தியது. கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து மவுத்பீஸைப் பிடிக்க வேண்டும்; ஐந்து நிமிஷத்தில் உதட்டின் உட்பக்கம் புண்ணாகிவிட்டது. விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. நான் யோசிக்குமுன் அவை போய் நின்றன. பத்து நாளில் ஒரு பாட்டு முழுசாக வந்தது. படிக்கட்டுக்கு அடியில் உள்ள சின்ன அறையில் கதவைச் சாத்தி, ஜன்னலில் தலையணையைத் திணித்து, ஹாலில் டிவியையும் போட்டுவிட்டு ஊதினேன். சொன்னால் வெட்கம்தான்: முப்பது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அறுபது வயதுக்காரன் ஒளிந்துகொண்டு பீடி குடிக்கிற பையனைப்போல, மூன்றரை மணிக்கு எல்லாவற்றையும் துடைத்துவைத்துவிட்டு நல்ல பிள்ளையாகக் காத்திருப்பேன். துடைத்தது அறையைத்தான், வாத்தியத்தை அல்ல.

ஆவணி முடிவில் உடம்பு படுத்த ஆரம்பித்தது. மாலை ஆறு மணிக்குமேல் குளிர் எடுக்கும், காய்ச்சல், வறட்டு இருமல். காலையில் ஒன்றும் இருக்காது. பிறகு காலையிலும் மூச்சு வாங்கியது. திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் நிமோனியா என்று ஊசி போட்டார்கள். குறையவில்லை. எடை குறைந்தது. டிபியாக இருக்கும் என்று சளி எடுத்தார்கள். அந்த முடிவு வருவதற்குள் ஸ்டெல்லா என் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி, தனியாக வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள், வேறு என்ன செய்வாள்? ஆபீஸில் எந்த டம்ளருக்குப் பயந்து அண்ணனைக் கைவிட்டேனோ, அந்த டம்ளர் என் வீட்டு அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு முறை பார்த்தும் டிபி இல்லை. ஒரு நாள் கக்கூஸிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்பு பெஞ்சுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் அறுபது பேர் இருமினார்கள். அறுபது பேரும் என்னைவிட யோக்கியமாக இருமியதாகத் தோன்றியது.

சேர்த்துக்கொண்ட மறுநாள் ஸ்பைரோமெட்ரி. முழு மூச்சை இழுத்து ஒரு குழாயில் பலமாக ஊத வேண்டும். நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். குழாய் வாய்க்கு வந்ததும் என் கீழுதடு தானாகப் பல்லின் மேல் மடிந்துகொண்டது.

"ஐயா, உதட்ட மடிக்காதீங்க. வெளிய வெச்சி மூடுங்க" என்றது டெஸ்ட் எடுக்கிற பெண்.

இரண்டாவது முறையும் மடிந்தது. மூன்றாவது முறையும்.

"இது இன்னா பழக்கம் ஐயா? ஊதுகுழலு ஊதற மாரி புடிக்கிறீங்க."

"பல்லு கொஞ்சம் ஆடுதும்மா" என்றேன். மறுபடியும் அந்த அப்பாவிப் பற்களையே சாட்சிக்கு இழுத்தேன்.

பிறகு சி.டி. ஸ்கேன். நுரையீரல் முழுக்கத் தேய்த்த கண்ணாடிபோல மங்கல் படர்ந்திருந்தது. நெஞ்சுநோய்ப் பிரிவின் டாக்டர் இளம்பெண், பொறுமைசாலி. என் கட்டிலருகில் நின்று விளக்கினார். "கிருமி இல்ல சார். ஒவ்வாமை. சிலருக்குத் தூசி பட்டா தும்மல் வரும் இல்லையா, அது மூக்கோட போயிடும். உங்களுக்கு ஏதோ ஒண்ணு ஆழமா, நுரையீரலோட அடி வரைக்கும் போவுது. போறப்பல்லாம் அது வீங்குது. அந்த ஒண்ணு எதுன்னு கண்டுபுடிச்சி நிறுத்தணும். மாத்திரைய விட அதான் முக்கியம்."

ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். நெல் மூட்டை, வைக்கோல் அடுக்குகிறீர்களா? மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலை உண்டா? ஏர் கூலர் இருக்கிறதா? ஸ்டெல்லா ஒரு பக்கமும் அண்ணி ஒரு பக்கமும் நின்று 'இல்லை, இல்லை' என்று பதில் சொன்னார்கள்.

"வாத்தியம் ஏதாவது ஊதுவீங்களா?"

"அந்தக் காலத்துல ஊதினாரு டாக்டர். வுட்டு முப்பது வருசம் ஆவுது" என்றாள் ஸ்டெல்லா.

டாக்டர் என்னைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. ஸ்டெல்லா சொன்னதற்குத் தலையாட்டினேன்.

"புறா, கோழி, கிளி வளக்கறீங்களா?"

அண்ணியின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது. "புறா இருக்குது டாக்டரம்மா. என்னுது" என்றார்.

டாக்டர் பேனாவால் வட்டம் போட்டார். புறா எச்சத்தின் தூசியால் இது வருவது நிறையப் பேருக்கு உண்டு என்றும், அவற்றை அப்புறப்படுத்துவது நல்லது என்றும் சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. கிடைத்த பதிலை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்ய முடியும். அண்ணி ஒரு கேள்விதான் கேட்டார்: "எல்லாத்தையுமா?"

நான் அப்போதாவது பேசியிருக்கலாம். எனக்குள் ஒரு குரல் 'புறாவாகவும் இருக்கலாமே, டாக்டரே சொல்கிறாரே' என்றது. அந்தக் குரலை நான் ஆசையாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அண்ணி பஸ் பிடித்து வந்தார். தூக்கில் கேப்பைக் கூழ், சின்ன டப்பாவில் கருவாட்டுத் தொக்கு. கையில் பிளீச்சிங் பவுடர் வாசனை. விரல் நுனிகள் வெந்து தோலுரிந்திருந்தன.

"குயிலாப்பாளையத்துல எங்க தங்கச்சி ஊட்டாண்ட ஒருத்தரு புறா வளக்கறாரு. அவருகிட்ட குடுத்துட்டேன் தம்பி. திரும்பி வந்துடப் போவுதுன்னு றெக்கையில நூலு சுத்திக் கட்டிதான் அனுப்பினேன். மாடிய ரெண்டு வாட்டி கழுவிட்டேன். இனிமே ஒண்ணும் பயமில்ல."

"எதுக்கண்ணி அவ்ளோ அவசரம்?"

"புறா இன்னா புறா. நீங்க பொழச்சி வந்தா போதும்."

பக்கத்துக் கட்டிலில் விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், ஆஸ்துமாக்காரர். அண்ணி போனபிறகு, "கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார். அண்ணி என்றேன். "குடுத்து வெச்சவரு நீங்க" என்று சொல்லி அவித்த மல்லாட்டை ஒரு கை கொடுத்தார். அதைத் தலையணை ஓரத்தில் வைத்தேன். கூழை மட்டும் குடித்தேன். அதைக் குடிக்காமல் வைத்தால் அண்ணி வருத்தப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பசித்தது. பாவம் செய்தவனுக்கும் வேளாவேளைக்குப் பசிக்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கத்தைத் தணிக்கிற மருந்து. பத்து நாளில் மூச்சு சீரானது. ஆஸ்பத்திரியில் கிளாரினெட் இல்லை அல்லவா, அதனாலும்தான். வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலை ஐந்தரை ஆனது. அண்ணி வந்தார். செருப்பைக் கழற்றினார். கம்புப் படி இருக்கும் மாடத்தில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தினமும் அந்த நேரத்தில் நான் டிவியின் சத்தத்தைக் கூட்டுவேன்.

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு பரண் ஏறினேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, ஆசை. இன்னொன்று, ஊதியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் குற்றவாளி புறாதான் என்று ஆகிவிடும், எனக்கு நிம்மதி. அரை மணி நேரம் ஊதினேன். நன்றாக வந்தது. மாலை ஏழு மணிக்குக் கம்பளி போர்த்தியும் பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர். எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? புறா இல்லாமலும் காய்ச்சல் வருகிறதே என்று ஸ்டெல்லா புலம்ப, நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, பூசணிக்காய் பெரிதாகப் பெரிதாகச் சோறும் அதிகம் வேண்டியிருக்கிறது. விடிவதற்குள் மூச்சு முட்டியது. அண்ணிதான் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

மறுபடியும் அதே வார்டு. இந்த முறை மூக்கில் ஆக்சிஜன் குழாய். டாக்டரின் முகத்தில் பழைய இலகு இல்லை. இப்படியே அடிக்கடி வீங்கினால் நுரையீரலில் வடு விழுந்துவிடும், விழுந்த வடு ஆறாது, ஆயுளுக்கும் சிலிண்டரோடு இருக்க வேண்டிவரும் என்றார். புறாத்தூசி வீட்டுச் சுவரிலும் மெத்தையிலும் மாசக்கணக்கில் தங்கும் என்பதால், கொஞ்ச நாள் வீடு மாறிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"சொந்த வூட்ட வுட்டு எங்க போறது டாக்டர்?" என்றாள் ஸ்டெல்லா.

அண்ணி இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார் போல. "நீங்க ஏன் போவணும்? நான் போறேன். என் துணி, என் பாய், எல்லாம் பதினோரு வருசம் புறாவோட பொழங்கினதுதான். நாந்தான் தூசி. மாடியக் காலி பண்ணிட்டு தங்கச்சி ஊட்டுக்குப் போயிடறேன். புறா போன எடத்துக்கே நானும் போறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, என் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டார்.

எனக்குத் தெரிந்து அண்ணன் சாவுக்குக்கூட நான் அழுததில்லை. அன்று அழுதேன். ஆக்சிஜன் குழாயோடு அழுவது மகா கஷ்டம். சளியும் கண்ணீரும் சேர்ந்து மூச்சடைக்கிறது. நர்ஸ் ஓடி வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தி, டாக்டரைப் பார்த்துச் சொன்னேன்: "புறா இல்ல டாக்டர். நான் கிளாரினெட் ஊதறேன். ஆடி மாசத்துலேந்து. வூட்டுல யாருக்கும் தெரியாது. எங்க அண்ணனுது. பழைய ரீடு. கழுவல."

டாக்டர் தாளைப் புரட்டினார். "போன தடவ கேட்டேனே சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டெல்லாவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மனுசனா நீங்க? அக்கா கையெல்லாம் வெந்து போயி நின்னாங்களே, அப்பகூடவா வாயத் தொறக்கல?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். விக்கிரவாண்டிக்காரர் இருந்த கட்டிலில் இப்போது வேறு யாரோ. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி ஸ்டெல்லாவைக் கையமர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பல்லு எப்ப சரியாச்சி தம்பி?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வலிக்கவே இல்லண்ணி."

"தெரியும். அடக்கம் முடிஞ்சி மூணாம் நாளு கறிச்சோறு போட்டோமே, நாந்தான் பரிமாறினேன். நல்லி எலும்பக் கடிச்சி உறிஞ்சினீங்க. அன்னிக்கே தெரியும்."

பதினோரு வருஷமாக அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் ஒருநாள் ஊதுவேன், தாமதமாகவாவது ஊதுவேன் என்று பார்த்திருக்கிறார். நான் ஊதியதோ ஜன்னலில் தலையணையைத் திணித்துக்கொண்டு.

ஸ்டெல்லா கிளாரினெட் பெட்டியைக் கொண்டுவந்தாள். மவுத்பீஸின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து லேபுக்கு அனுப்பினார்கள். சின்னத் தட்டில் வளர்த்ததில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை அடர்ந்து வந்தது. ஊறுகாயில் பூக்குமே, அந்த ஜாதிதான். ஒவ்வொரு முறை நான் மூச்சை இழுக்கும்போதும் அந்தப் பூஞ்சையின் பொடி உள்ளே போயிருக்கிறது. ஊதுகிற நண்பர்களுக்கு டாக்டர் சொல்லச் சொன்னது இதுதான்: ஊதி முடித்ததும் துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடையுங்கள். மவுத்பீஸைக் கழுவிக் காயவையுங்கள். ரீடைக் கழற்றி வையுங்கள், பழசாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள், அது யாருடையதாக இருந்தாலும். முக்கியமாக, டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

ரீடையும் கச்சையையும் எரிக்கச் சொன்னார்கள். அண்ணி தன் கையால் எரித்தார். "பாவம், எங்க அண்ணனோட ரீடு" என்று நான் முனகியதற்கு அவர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "அவரு மேல போடாதீங்க. அவரு தெனம் தொடைச்சிக் காயவெச்சிதான் மூடுவாரு. பதினோரு வருசம் மூடி வெச்சது யாரு?"

புறாக்களை மீட்க நான் குயிலாப்பாளையம் போனேன். இரட்டைப் பாவத்தில் ஒன்றையாவது கழிக்கலாம் என்ற எண்ணம். அந்த மனிதர் நல்லவர், ஐந்து ஜோடி திருப்பித் தருவதாகச் சொன்னார். றெக்கை நூலை அவிழ்த்த பிறகும் அவை திரும்பிப் பறக்காமல் அங்கேயே பழகிவிட்டன. டாக்டரைக் கேட்டால், வேண்டாம் என்கிறார். ஒருமுறை இப்படிக் கெட்ட நுரையீரல் எந்தத் தூசியையும் இனிப் பொறுக்காதாம்; புறா அன்றைக்குக் காரணம் இல்லை, ஆனால் நாளைக்குக் காரணமாகலாம். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே தண்டனையும் பழி விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. என் மூச்சுக்காக அண்ணியின் மாடி காலியாகவே இருக்க வேண்டும்.

ஆறு மாதம் ஆனது. போன மாத ஸ்கேனில் மங்கல் ஏறக்குறைய விலகியிருந்தது. ஓரத்தில் சின்ன வடு, அது இருக்கும். சுத்தமான வாத்தியம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஊதலாம், மூச்சுக்கும் பயிற்சிதான் என்றார் டாக்டர். பாண்டிச்சேரியில் ரிப்பேர்காரரிடம் கொடுத்துப் பிரித்துக் கழுவி, துளைகளை மூடும் பேடுகள் மாற்றி, புது மவுத்பீஸ், புது ரீடு, புதுப் பெட்டி வாங்கினேன். கொண்டுவந்து பரணைப் பார்த்தேன். அண்ணி வாசலில் நின்றிருந்தார்.

"குடுங்க" என்று கையை நீட்டினார். "மறைச்சி வெக்கறதுக்கு இனிமே உங்ககிட்ட ஒண்ணும் குடுக்கறதா இல்ல. இது மாடியில இருக்கும். ஊதணும்னா மேல வந்து கேளுங்க. மொட்ட மாடியில நின்னு ஊதுங்க."

"அக்கம்பக்கத்துல கேக்குமேண்ணி."

"கேக்கட்டும்."

முதல் நாள் படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அண்ணி பெட்டியோடு காலிக் கூண்டுகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணி ஐந்தரை. பக்கத்து மாடியில் ஒரு அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் என் பழைய சூப்பிரண்டே வந்தாலும் தலையைத் தூக்கினால் என்னைப் பார்க்கலாம்.

"இன்னா வாசிக்கணும்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஊத வேண்டியத ஊதுங்க."

வீட்டு எடுப்பு ஒரே வரிதான். பாதியில் மூச்சு அறுந்தது. நிறுத்தி, இழுத்து, மீதியை ஊதினேன். டிரம் சேரவில்லை, டிரம்பெட் சேரவில்லை. அண்ணி தலைகுனிந்து கேட்டார். முடிந்ததும் கிளாரினெட்டை வாங்கி, துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடைத்து, ரீடைக் கழற்றி வெயில் பட்ட கைப்பிடிச்சுவரில் வைத்தார்.

இப்போது தினமும் ஐந்தரைக்குப் படி ஏறுகிறேன். நின்று மூச்சு வாங்குவது ஒரு இடமாகக் குறைந்திருக்கிறது. கதவைத் தட்டினால் அண்ணி பெட்டியோடு வருவார். கொடுக்குமுன் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பல்லு எப்பிடி இருக்குது தம்பி?"

"நல்லா இருக்குது அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறேன்.